படலக் கம்பியில் மஞ்சள் பூசியது யார்?

எங்கள் பழைய லேப் மேனேஜர் பொய் சொல்கிறார். அதுவும் மைக் பிடித்துச் சொல்கிறார்.

ஓசூர்ப் பக்கத்தில் பூச்சும் பசையும் செய்கிற கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மாதம் ஒரு புதன்கிழமை பயிற்சி வகுப்பு நடக்கிறது. அங்கே வந்து பேசுகிறவர்தான் அவர். 'மஞ்சள் கைப் பெண்' என்று ஒரு கதை சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தாராம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து, அவரைப் போலவே பேசிக் காட்டினாள். "ஒரு டெக்னீஷியன் பொண்ணு. காலையில மூஞ்சிக்கு மஞ்சள் பூசிட்டு, அதே கையோட வந்து சாம்பிளைத் தொட்டுருச்சு. ரெண்டு வாரத்து ரீடிங் அம்புட்டும் காலி. அதனால கிளவுஸ் போடுங்கப்பா."

கிளவுஸ் போடுங்கள். அது நல்ல புத்திமதி. மற்றதெல்லாம் பொய்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஜெயந்தி. காவேரிப்பட்டினத்துக்காரர். எங்கள் லேபை விட்டுப் போன பிறகு வேறு இரண்டு லேப்களில் வேலை செய்து, இன்று அளவீட்டில் என்னைவிடவும் மேனேஜரைவிடவும் கெட்டிக்காரர். இங்கே உள்ள கம்பெனிகள் சேர்ந்து பொதுவாக ஒரு சோதனை லேப் தொடங்குகின்றன. அதன் தலைமைப் பொறுப்புக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். முதல் சுற்று நேர்காணலில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதானா அந்த மஞ்சள் கை அம்மா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் விட்ட கதை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. கடைசிச் சுற்று வருகிற வியாழக்கிழமை. அதற்குள் உண்மை வெளியே வர வேண்டும். அதனால்தான் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிற நான், இங்கே எல்லாக் கம்பெனிகளுக்கும் போகிற இந்த மாத மடலில் எழுதுகிறேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாம்பழம் ஏற்றுமதியாகிற அட்டைப்பெட்டி குளிர்க்கிடங்கில் ஈரம் குடித்து நொறுங்காமல் இருக்க, அதன்மேல் தண்ணீரில் கலந்த ஒரு பூச்சு அடிப்பார்கள். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உருண்டைகள். காய்ந்ததும் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் சங்கிலி மூலக்கூறுகள் இன்னொன்றுக்குள் நுழைந்து பின்னிக்கொள்ள வேண்டும். பின்னிக்கொண்டால் ஈரம் புகாது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பின்னவில்லை என்றால், பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். ஈரம் உள்ளே போய்விடும்.

பின்னியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி உருண்டைகளில் ஒரு சாயத்தை மூலக்கூறோடு கட்டிவிடுவோம். அதன்மேல் விளக்கடித்தால் நீலமாக ஒளிரும். அது கொடுக்கிற சாயம். மீதிப் பாதியில் இன்னொன்று. அது பச்சையாக ஒளிரும். அது வாங்குகிற சாயம். தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு தூரத்துக்குள் இரண்டும் வந்தால், நீலம் தன் ஆற்றலைப் பச்சையிடம் கொடுத்துவிடும். நீலம் மங்கும், பச்சை ஏறும். நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பையைக் கைமாற்றலாம். நாலு சீட் தள்ளி இருக்கிறவரிடம் முடியாது. அவ்வளவுதான் தத்துவம். எவ்வளவு கைமாறியது என்று பார்த்தால், மூலக்கூறுகள் எவ்வளவு நெருங்கின என்று தெரிந்துவிடும்.

இதில் முதலில் மண்ணைக் கவ்வியவன் நான்தான். அளப்பதற்காகப் பூச்சைக் கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய படலமாக இழுப்போம். வேலையில் புதிதாக இருந்தபோது நான் அதைத் தடிமனாக இழுத்துவிட்டேன். நீலம் நன்றாக மங்கியது. 'ஆகா, பின்னிவிட்டது' என்று லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எங்களுக்கு ஆலோசகராக ஒரு பெரியவர் வந்து போவார். ஈர விரலால் என் படலத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மாவு மாதிரி கையோடு வந்துவிட்டது.

"வெளிச்சம் கொறஞ்சா பக்கத்துல ஆள் இருக்கான்னு அர்த்தமாய்யா? கரண்டு போனாலும்தான் கொறையும்" என்றார்.

நடந்தது இதுதான். தடிமனான படலத்தில் நீல ஒளி வெளியே வருவதற்குள், வழியில் எங்கோ தூரத்தில் இருக்கிற பச்சைச் சாயம் அதை விழுங்கிவிடுகிறது. கைமாற்றமே இல்லை; வழிப்பறி. அன்றைக்கு அவர் ஒரு விதி போட்டார். ஒவ்வொரு முறையும் படலத்தை மெல்லிசாக இழு. கூடவே வாங்குகிற சாயமே போடாமல் ஒரு படலம் இழுத்து அதையும் அளந்து பார். இரண்டும் சரியாக இருந்தால்தான் என்னிடம் பேசு. வாங்கும் சாயம் இல்லாத அந்தப் படலத்துக்கு 'ஒத்தைப் படலம்' என்று லேபில் பெயர் நிலைத்துவிட்டது.

பல வருடம் அந்த விதி ஓடியது. பிறகு வந்தவர்தான் நம் மைக் மேனேஜர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஜோராகப் பேசுவார், பிறந்தநாளுக்கு கேக் வாங்குவார், லீவு கேட்டால் கொடுப்பார். அவசரம்தான் அவர் வியாதி. ஒத்தைப் படலத்தில் தினமும் ஒரே கோடுதான் வருகிறது, அதற்கு எதற்கு அரை நாள் என்று அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். நான் வாயைத் திறக்கவில்லை. அரை நாள் மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதே நிஜம்.

அந்த வருடம் சூளகிரிப் பக்கம் அட்டைப்பெட்டி செய்கிற முனிராஜ் எங்களிடம் வந்தார். வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் கன்னடம், எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். அவருடைய காய வைக்கும் அடுப்பு பழையது. சூட்டைக் குறைத்து ஓட்டினால் போதுமா, பூச்சு பின்னிக்கொள்ளுமா என்று அளந்து சொல்லச் சொன்னார். நாகரசம்பட்டித் தோட்டக்காரர்கள் அடுத்த சீசனுக்கான பெட்டியை அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். பெட்டி நொறுங்கினால் பழம் போகும். பழம் போனால் அவர் பெயர் போகும்.

அந்த வேலையைத் தொடங்கும் நேரத்தில் ஆயுத பூஜை. நானும் என் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சை நசுக்குகிறவன்தான். பூஜையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லேபில் எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். மேனேஜர் மஞ்சள் கரைத்த கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டார். படலம் இழுக்கிற கம்பியிடம் வந்தார். சாதாரணக் கம்பி இல்லை அது. எஃகுக் கோலின்மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடுக்குதான் படலத்தின் தடிமனைத் தீர்மானிக்கும்.

ஜெயந்தி அப்போதே சொன்னார். "சார், கம்பிக்கு வேணாங்க சார். அதோட டப்பாவுக்கு வச்சிரலாம்."

"சாமிக்கு முன்னாடி டப்பா என்ன, கம்பி என்ன? எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிக் கம்பியின் நீளத்துக்கும் மஞ்சளைத் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். எல்லாரும் சிரித்தோம். நான் கைதட்டினேன். சுண்டல் நன்றாக இருந்தது. லீவு முடிந்து வந்ததும் கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. குறைந்த சூட்டிலேயே நீலம் மங்குகிறது, பச்சை ஏறுகிறது. காய வைக்க வைக்க இன்னும் ஏறுகிறது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பூச்சும் பின்னி நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. நாம் விரும்புகிற விடை வரும்போது நமக்குச் சந்தேகம் வருவதில்லை. பிடிக்காத விடை வந்தால்தான் கருவியைக் கழற்றிப் பார்ப்போம். இந்தப் புத்தி உங்களுக்கும் இருக்கிறது, மறுக்காதீர்கள். வியாழக்கிழமை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அன்றே முனிராஜுக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலை முனிராஜ் குறைந்த சூட்டில் மெஷினை ஓட்டப் போகிறார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெயந்தி கூப்பிட்டார்.

"சார், இங்க கொஞ்சம் வாங்க. இதுல பச்சை வருது."

"வரட்டும்மா. நல்லதுதானே?"

"இல்லீங்க சார். இது ஒத்தைப் படலம்."

"அதை யாரு இழுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மனசு கேக்கல, இழுத்தன். வாங்கற சாயமே இதுல போடல சார். வாங்கறதுக்கு ஆளே இல்ல. அப்பறம் யாரு வாங்குனது?"

பதில் தெரியாதபோது சீனியர்கள் சொல்வதைச் சொன்னேன். "கண்ணாடி அழுக்கா இருக்கும். கழுவிட்டுப் போடு."

"மூணு வாட்டி கழுவிட்டன் சார். புதுக் கண்ணாடியிலயும் போட்டுட்டன்."

சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தப் படலத்தில் ஒரு துண்டை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து அளந்தார். பச்சை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. ரிப்போர்ட்டுக்கு அளந்த படலத்தில் ஒரு துண்டையும் வெயிலில் வைத்தார். அதிலும் அதே கதை.

"மூலக்கூறு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சின்னு எழுதியிருக்கோம். பின்னுனது வெயில்ல வச்சா பிரிஞ்சு போயிருமா சார்? வெள்ளைத் துணியில மஞ்சக்கறை பட்டா எங்க வீட்டுல இப்பிடித்தான் வெயில்ல போடுவோம். தானா வெளுத்துரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒரு அட்டைப்பெட்டிக்குள் கம்பியை வைத்து, கறுப்புத் துணி போட்டு, ஓட்டை வழியாக நீல ஒளி டார்ச்சை அடித்தோம். சுற்றுக்குச் சுற்று, இடுக்குக்கு இடுக்கு, மஞ்சள் பச்சையாக மின்னியது. கடை திறப்புக்கு சீரியல் செட் போட்ட மாதிரி. துடைத்த துணி மேல்பக்கத்தைத்தான் துடைத்திருக்கிறது. மஞ்சள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகக் கொடுக்கும். சூடு ஏற ஏறப் படலத்துக்குள் ஊறும். எங்கள் வாங்கும் சாயம் செய்கிற அத்தனையையும் அது செய்துகாட்டியிருக்கிறது. பிறகு புதுக் கம்பியை எடுத்து ஒத்தைப் படலம் இழுத்தார். பச்சை இல்லை. ஜோடிச் சாயப் படலம் இழுத்து அதே குறைந்த சூட்டில் காய வைத்தார். நீலம் மங்கவே இல்லை. உருண்டைகள் பின்னவே இல்லை.

ஜெயந்தி எல்லாவற்றையும் லேப் நோட்டில் எழுதினார். நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நேத்துத்தான்யா அனுப்பியிருக்கோம். இன்னிக்கே தப்புன்னா நம்ம மூஞ்சிய எங்க வச்சிக்கறது? திங்கக்கிழமை பாத்துக்கலாம். கம்பிய நல்லாக் கழுவச் சொல்லு."

"திங்கக்கிழமை அவங்க மெஷின் ஓடும் சார்."

"ஒரு நாள் ஓட்டுனா குடியா முழுகிடும்? போய்யா."

"சரி சார்" என்றேன்.

இதை நன்றாகப் படியுங்கள். கருவி தெரியும், சாயம் தெரியும், தப்பு எங்கே என்று தெரியும். அத்தனையும் தெரிந்த ஒருவன் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நான்தான் அது. ரிட்டயராக மூன்று வருடம் இருந்தது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். மேலே இருப்பவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொன்னால், திங்கட்கிழமைக்குள் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அறையைவிட்டு நகராதீர்கள்.

நான் வெளியே வந்து ஜெயந்தியிடம், "திங்கக்கிழமை பாக்கலாம்னு சொல்லிட்டார்" என்றேன். ஜெயந்தி காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை முனிராஜுக்கு ஃபோன் செய்துவிட்டார். பேசியதை முனிராஜே பிறகு எனக்குச் சொன்னார்.

"அண்ணா, திங்கக்கிழமை அந்தச் சூட்டுல ஓட்டாதீங்க."

"ஏம்மா? ரிப்போர்ட் வந்துருச்சே. சார் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அது தப்புங்கண்ணா."

"யார் சொல்றது?"

"நான்தான் சொல்றன். அளந்ததே நான்தான்."

"அப்பிடின்னா பேடாம்மா, வேணாம். நான் பழைய சூட்டுலயே ஓட்டிக்கறன்."

முனிராஜ் சும்மா விடுகிற ஆள் இல்லை. பார்ப்போமே என்று குறைந்த சூட்டில் ஒரே ஒரு பெட்டி மட்டும் செய்து, குளிர்க்கிடங்கில் மூன்று நாள் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு நேரே லேபுக்கு வந்துவிட்டார். பெட்டி நான்கு பக்கமும் தொங்கிப்போய்க் கிடந்தது. அதை மேனேஜர் மேஜைமேல் வைத்தார்.

"உங்க மூலக்கூறுங்க எல்லாம் கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே சார். பாருங்க, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே இல்லபோல."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயந்திக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் முனிராஜ் வந்தார். ஆனால் ஃபோன் செய்தது ஜெயந்தி என்று அவர் வாயிலிருந்து வந்ததுமே காரியம் கெட்டது. மேலிடத்துக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மறுநாள் விசாரணை என்று ஒரு சின்ன அறையில் மேனேஜர், ஜெயந்தி, நான், மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் என நான்கு பேர் உட்கார்ந்தோம். மஞ்சள் கை என்ற கதை அங்கேதான் முதல்தடவை பிறந்தது. மேனேஜர் அதைச் சொன்னபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

ஜெயந்தி கேட்டார். "கை பட்டிருந்தா விரல் பட்ட எடத்துலதான சார் தெரியணும்? இது படலம் நெடுக கோடு கோடா வந்திருக்குது. கம்பிக்கு வச்ச மஞ்சள் சார் இது. நோட்டுல படம் போட்டு வச்சிருக்கன். பாருங்க."

நோட்டை யாரும் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கம்பிக்கு மஞ்சள் வச்சது யாருன்னு நீங்க பாத்தீங்களா?" என்று மேலிடத்துக்காரர் கேட்டார்.

"நான் கவனிக்கலைங்க" என்றேன்.

கைதட்டியவன் நான். கவனிக்கவில்லையாம்.

அந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. கடைசி நாள் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போய் நின்றேன். "மன்னிச்சிக்கம்மா, என் நெலமை உனக்குத் தெரியும்" என்று இழுத்தேன்.

"தெரியும் சார். என் நெலமையும் உங்களுக்குத் தெரியும்" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

போன வாரம் ஜெயந்திக்கு ஃபோன் செய்து, இதையெல்லாம் எழுதப் போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா என்னப் பாவம்னு எழுதாதீங்க. அந்த லேபை நடத்த எனக்குத் தெரியும், அத மட்டும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். ரிப்போர்ட் போன மறுநாளும், யாரும் கேட்காத ஒத்தைப் படலத்தை இழுத்துப் பார்க்கிற ஒருவரைவிட சோதனை லேபுக்கு வேறு யார் வேண்டும் என்று தேர்வு செய்கிறவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

இனி உங்களிடம் பேசுகிறேன், மேனேஜர் சார். எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே 'பழைய கதை எதுக்குய்யா' என்று பேசாதீர்கள். கதையை நீங்கள் தனியாகச் சொல்லவில்லை, மைக்கில் சொன்னீர்கள். வருகிற புதன்கிழமை உங்கள் வகுப்பு. மறுநாள் ஜெயந்திக்கு நேர்காணல். நான் வகுப்புக்கு வருகிறேன். முதலில் நான் எழுந்து, நான் கைதட்டியதையும் கையெழுத்துப் போட்டதையும் கவனிக்கவில்லை என்று புளுகியதையும் சொல்கிறேன். அதற்கப்புறம் உங்கள் முறை. ஒத்தைப் படலத்தை நிறுத்தியது யார்? கம்பியில் மஞ்சள் பூசியது யார்? உங்களோடு சேர்ந்து சிரித்த அதே பிள்ளைகள் முன்னால், அதே மைக்கில், பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.